இடித்தபின் எழுதுவதா வரலாறு?

(திண்டிவனத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பழைய தொடர்வண்டி நிலையங்களைக் காப்பது பற்றித் தமிழியக்கத்தார் ஏன் பேசவேண்டும்? வெள்ளையன் தன் வாணிகத்திற்குக் கட்டியவைதாமே, போனால் போகட்டுமே எனச் சிலர் கேட்கின்றனர். கேட்போரும் நம்மவரே. ஆதலின் விடை கூறுதல் கடன்.

சென்னை எழும்பூர் நிலையம் 1908-இல் திறக்கப்பெற்றது. வரைந்தவர் என்றி இர்வின் என்னும் அயர்லாந்துக்காரர். கட்டி முடித்தவரோ பெங்களூர்ச் சாமிநாத பிள்ளை என்னும் ஒப்பந்தக்காரர். பணம் நம் மக்கள் தந்த வரியும் கட்டணமும். கல் சுமந்த தோள்கள் நம் தோள்கள். பின், அது எப்படி வெள்ளையனுடையதாகும்?

இன்னொன்றும் எண்ணுங்கள். 1952-இல் பெரியாரும் அவர் தோழர்களும் இந்தி எழுத்தைத் தாரிட்டு அழித்தது நிலையப் பெயர்ப்பலகைகளில்தான். 1953-இல் 'தால்மியாபுரம்' என்ற பெயரை நீக்கிக் 'கல்லக்குடி' எனத் தமிழ்ப்பெயர் சூட்டக் கோரித் தி.மு.க.வினர் தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்ததும் ஒரு நிலையத்தில்தான். நம் மொழிப்போரின் களங்கள் அல்லவா இவை? களத்தை அழித்துவிட்டுப் போரை எப்படி நினைவுகூர்வது?

அழிவு எப்படி நேர்கிறது என்பதற்கு மூர் அங்காடியே சான்று. சென்னை நடுவண் நிலையத்தின் அருகே 1900-இல் திறக்கப்பெற்ற அந்தச் செங்கல் மாளிகை, ஏழை மாணவர்க்குப் பழைய நூல்களை வழங்கிய அறிவுக் களஞ்சியம். 1985 மே 30-இல் தீக்கிரையாயிற்று. காக்கவேண்டும் என்ற குரல் எடுபடவில்லை. எஞ்சிய சுவர்களும் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் தொடர்வண்டித் துறையின் அடுக்குக் கட்டடம் எழுந்தது. வளாகத்தில் பழைய அங்காடியின் சிற்றுருவம் ஒன்று வைத்தார்கள். மாளிகையை இழந்து பொம்மையைப் பெற்றோம்!

காக்க முடியாதா? முடியும். 1856-இல் திறக்கப்பெற்ற இராயபுரம் நிலையம் 2005-இல் செப்பனிடப்பட்டு இன்றும் நிற்கிறது. மனமிருந்தது, வழி பிறந்தது.

இனி நம் மாவட்டத்திற்கு வருவோம். 1879-இல் புதுச்சேரிப் பாதை திறக்கப்பெற்ற காலந்தொட்டு, பல திசைப் பாதைகளும் கூடும் சந்திப்பாக வளர்ந்தது விழுப்புரம். 2023 ஆகத்து 6-இல் இந்தியா முழுவதும் 508 நிலையங்களைப் புதுப்பிக்க அடிக்கல் நாட்டினர். அவற்றுள் விழுப்புரமும் ஒன்று. 'அமிர்த பாரதம்' என்னும் திட்டப் பெயரில் தமிழில்லை; பணியிலேனும் தமிழர் நினைவு நிலைக்க வேண்டாவா?

புதுமையை நாம் எதிர்க்கவில்லை. முதியோர்க்கு மின்தூக்கி வேண்டும். மழைக்குக் கூரை வேண்டும். ஆனால், எந்தச் சுவரையும் தொடுமுன் அதனை அளந்து வரைபடமாக்குக, ஒளிப்படம் எடுக்க, ஊராரிடம் அறிவிக்க, காக்கத்தக்கதைக் காக்க. மரபுச் சின்னங்களுக்கென 2012-இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் ஓர் ஆணையச் சட்டம் இயற்றியது. சட்டம் ஏட்டுச் சுரைக்காயாக இருந்தால் கறிக்கு உதவுமா?

நாம் நிற்கும் இம்மண்ணையே பாருங்கள். ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் கிடங்கில் இவ்வூர்தான். இன்று கிடங்கல் என்று நகரின் ஒரு பகுதிக்குப் பெயராக மட்டும் நிற்கிறது. ஊர்ப் பெயரையோ வடமொழி 'வனம்' பற்றிக்கொண்டது. இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் சிறுபாணாற்றுப்படையில் பாடி வைத்ததால் கிடங்கிலின் பெருமையை நாம் அறிகிறோம். விழுப்புரம் நிலையத்தை எந்த நத்தத்தனார் பாடினார்? பாடப்பெறாத இடத்திற்குக் கல்லும் சுண்ணமுமே சான்று.

இளைஞர்களே! பழைய ஒளிப்படங்களைத் திரட்டுங்கள். பாதை செப்பனிட்ட தொழிலாளரும் சுமை தூக்கிய முதியோரும் சொல்வதைக் கேட்டு எழுதுங்கள். கடப்பாரை வருமுன் உங்கள் எழுதுகோல் செல்லட்டும்.

வாழ்க தமிழ்! வெல்க தமிழர்!