அணுச் சிக்கனம்: ஓர் ஆய்விதழும் நம் கலைச்சொற்களும்



பிரிட்டனின் ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி 1999ஆம் ஆண்டில் 'கிரீன் கெமிஸ்ட்ரி' என்னும் ஆய்விதழைத் தொடங்கியது. அதற்கு முந்திய ஆண்டில்தான் பால் அனஸ்டாஸும் ஜான் வார்னரும் தம் நூலில் இத்துறைக்கு 12 கொள்கைகளை வகுத்தளித்தனர். கழிவு உண்டான பின் அதனை அகற்றுவதினும், உண்டாகாமலே தடுப்பது மேல் என்பது அவற்றுள் முதலாவது.

'பசுமை வேதியியல்' என்று நாம் இத்துறையை வழங்குகிறோம். செடிகொடிகளைப் பற்றிய வேதியியலோ என்று மாணவர் மயங்கக்கூடும். ஆயினும், ஆங்கிலத்திலும் அச்சொல் நிறத்தைக் குறித்துப் பின்னர்ப் பொருள் விரிந்ததே. ஒரு வரி விளக்கம் அம்மயக்கத்தைத் தீர்த்துவிடும்.

விளக்கத்தாலும் எளிதில் தீராத மயக்கம் ஒன்று உண்டு. பாரி டிராஸ்ட் 1991இல் 'ஆட்டம் எகானமி' என்னும் கருத்தை முன்வைத்தார். 'எகானமி' என்றதும் 'பொருளாதாரம்' என்றெழுதக் கை விரைகிறது. 'அணுப் பொருளாதாரம்' என்றால், அணுமின் நிலையங்களின் வரவுசெலவு என்றே மாணவர் எண்ணுவர். இங்கு அச்சொல்லின் பொருள் சிக்கனம். தையற்காரர் வெட்டிய துணியில் எவ்வளவு சட்டையாயிற்று, எவ்வளவு துண்டாக உதிர்ந்தது என்று பார்ப்பது போன்றது இக்கணக்கு.

வலிநீக்கி மருந்தாகிய ஐபுப்ரோஃபெனை எடுத்துக்கொள்வோம். ஆறு படிகள் கொண்ட பழைய செய்முறையில், வினைபடு பொருள்களின் நிறையில் ஏறத்தாழ 40 விழுக்காடே மருந்தில் சேர்ந்தது. பின்னர் வந்த மூன்று படிச் செய்முறையில் அது ஏறத்தாழ 77 விழுக்காடாயிற்று. 'அணுச் சிக்கனம்' என்னும் சொல்லைக் கையில் கொண்ட மாணவர்க்கு இவ்வெண்கள் உடனே பொருள் தரும். 'அணுப் பொருளாதாரம்' என்று கற்றவர்க்கு இவை புதிராகவே நிற்கும்.

ரோஜர் ஷெல்டன் 1992இல் வகுத்த 'ஈ காரணி'யும் இத்தகையதே. ஒரு கிலோ பொருள் செய்ய எத்தனை கிலோ கழிவு உண்டாகிறது என்பதே அது. 'கழிவு வீதம்' எனலாம்.

ஆசிரியப் பெருமக்களே, நம் மாணவர் அறிவியலை ஆங்கிலத்தில் பயில்கின்றனர். தமிழ் வகுப்பில் அவர்கள் சந்திக்கும் கலைச்சொல், அறிந்த கருத்தைத் தெளிவாக்க வேண்டும், குழப்பலாகாது. ஆதலின் அகராதியைத் திறக்குமுன், அச்சொல் அங்கு என்ன வேலை செய்கிறது என்று அவர்களையே கேளுங்கள். விடை தெளிந்தால் தமிழ்ச்சொல் தானே அமையும்.