தீயை அணைக்கிறவங்க மனசையும் பார்க்கணும்!

(ஏப்ரல் 14 அன்று மயிலத்தில் ஆற்றிய உரையிலிருந்து…)



இன்னைக்கு அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாள். தீயணைப்புத் துறைக்கு இது நீத்தார் நினைவு நாளும்கூட. 1944-ல் இதே நாளில் பம்பாய் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்தது. தீயை அணைக்கப் போன 66 வீரர்கள் திரும்பி வரலை.

பம்பாய் வரைக்கும் போக வேண்டாம். 2024 ஃபெஞ்சல் புயலை மறந்திருக்க மாட்டீங்க. நம்ம மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை! ஏரி எது, ரோடு எதுன்னு தெரியாத அந்த வெள்ளத்தில் இறங்கினவங்க தீயணைப்பு வீரர்கள். அதே மழையில் திருவண்ணாமலையில் மண் சரிந்து 7 பேர் புதைந்தாங்க. அதில் 5 பேர் குழந்தைங்க. அந்தப் பிஞ்சுகளை மண்ணுக்குள்ளிருந்து மீட்டெடுத்த குழுவிலும் இவங்க இருந்தாங்க.

யோசிச்சுப் பாருங்க. அந்தக் கையோடதான் வீட்டுக்குப் போய் தன் புள்ளைக்குச் சோறு ஊட்டணும். கண்ணை மூடினா தூக்கம் வராது. சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடும். காரணமே இல்லாம வீட்டில் கோபம் வரும்.

2020 தீபாவளி சமயத்தில் மதுரை ஜவுளிக்கடை தீ விபத்தில் கட்டடம் இடிந்து இரண்டு வீரர்கள் இறந்தாங்க. கூட நின்ற வீரர்கள், மறுபடி மணி அடிச்சா வண்டி ஏறித்தானே ஆகணும்? உடம்பில் காயம்னா கட்டுப் போடுறோம். மனசில் காயம்னா மட்டும் "நீ ஆம்பளை, தாங்கிக்கோ"ன்னு சொல்றது என்ன நியாயம்?

காவலர்களுக்கு பெங்களூரு நிம்ஹான்ஸ் துணையோடு நிறைவாழ்வுப் பயிற்சி நடந்தது. வரவேற்கிறோம். தீயணைப்பு வீரர்களுக்காக நாம் கேட்பது மூணுதான்:

🔸 உயிர்ப்பலி நடந்த ஒவ்வொரு விபத்துக்கும் பிறகு, போன வீரர்கள் எல்லாருக்கும் கட்டாய மனநல ஆலோசனை. கேட்டவருக்கு மட்டும்னு வெச்சா, கூச்சத்தில் யாரும் கேட்க மாட்டாங்க.

🔸 ஆலோசனைக்குப் போனது பதவி உயர்வைப் பாதிக்கக் கூடாது.

🔸 காலிப் பணியிடங்களை நிரப்பி, முறையான ஓய்வு.

நமக்கும் வேலை இருக்கு. வண்டிக்கு வழிவிடுங்க. பொய் அழைப்பு பண்ணாதீங்க. உங்க வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு தீயணைப்பு வீரர் இருந்தா, "சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா"ன்னு கேளுங்க. மனசு பாரமா இருந்தா 14416-க்கு எந்நேரமும் பேசலாம்னு சொல்லுங்க.

நம்ம உயிரைக் காப்பாத்துறவங்க நிம்மதியா தூங்கணும். அதுக்கு நாம குரல் கொடுப்போம்.

#தீயணைப்பு_வீரர்கள் #மயிலம் #விழுப்புரம்