வாசலில் சொல்லும் பதில்



2011-க்குப் பிறகு இந்த நாட்டில் தலை எண்ணப்படவில்லை. 2021-ல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போனது. இப்போது 2027 மார்ச் 1-ஐக் குறிப்பு நாளாக வைத்து நடக்கப்போகிறது. இதற்குள் ஊரில் எத்தனை பிறப்பு, எத்தனை இறப்பு! திருப்பூருக்கும் சென்னைக்கும் போனவர்கள் எத்தனை பேர்! ஊராட்சியில் பட்டியல் சாதியினருக்கு எத்தனை இடம் என்பதை, அரசியல் சாசனத்தின் 243டி பிரிவுப்படி, மக்கள்தொகை விகிதம்தான் தீர்மானிக்கிறது. ஆகவே எண்ணிக்கை என்பது வெறும் காகிதமல்ல, அதிகாரம்.

நான் பேச வந்தது கணக்கெடுப்புப் படிவத்தின் ஒரே ஒரு கேள்வியைப் பற்றி. கடந்த ஓராண்டில் வேலை செய்தாரா, இல்லையா?

கணக்கெடுக்க வருபவர் பெரும்பாலும் பள்ளி ஆசிரியர். வெயிலில் தெருத்தெருவாக நடந்து வந்து திண்ணையில் உட்காருவார். வீட்டுக்காரர் பதில் சொல்வார். "நான் விவசாயம் சார். பையன் டிரைவர். அவளா? அவ வீட்டுலதான் சும்மா இருக்கா." எழுதியாயிற்று! சும்மா இருப்பதாகச் சொன்ன அந்த அம்மா அப்போது கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டிருப்பார். விடியுமுன் பால் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டு வந்தவர் அவர். சாணியை அள்ளிப்போட்டுவிட்டுக் களையெடுக்கப் போவார். திரும்பும்போது ஆட்டுக்குத் தழை ஒடித்து வருவார்.

2011 கணக்கெடுப்பின் விதி என்ன சொன்னது தெரியுமா? சொந்த நிலத்தில், குடும்பத் தொழிலில் கூலி வாங்காமல் பாடுபட்டாலும் அது வேலை. வீட்டுத் தேவைக்கு மட்டுமே பயிர் செய்தாலும், பால் கறந்தாலும் அதுவும் வேலை. ஆறு மாதத்துக்குக் குறைவாக உழைத்தவருக்கும் படிவத்தில் இடம் உண்டு. விதி தாய்மார்கள் பக்கம் நின்றது. அவர்களைக் கைவிட்டது நம் வாய்!

அந்தக் கணக்குப்படி கிராமப்புற இந்தியாவில் ஆண்களில் நூற்றுக்கு 53 பேர் உழைப்பாளிகள், பெண்களில் 30 பேர். கைக்குழந்தை முதல் கிழவர் வரை எல்லோரையும் சேர்த்த விகிதம் இது. இந்த இடைவெளி முழுவதும் திண்ணைப் பதிலால் வந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் அதில் நம் பங்கும் இருக்கிறது. சமைப்பதும் பிள்ளை வளர்ப்பதும் வேலைக் கணக்கிலேயே வரவில்லை. அது தனி வழக்கு, அதையும் ஒருநாள் பேசியாக வேண்டும்.

ஊர்ப் பிள்ளைகளே தங்கள் ஊரை எண்ணிய கதை ஒன்று உண்டு. 1916-ல் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களைச் சொந்த ஊருக்கே அனுப்பிக் கணக்கெடுக்கச் சொன்னார். விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டு அப்படி எண்ணப்பட்ட ஊர்களில் ஒன்று. அதே ஊருக்கு ஆய்வாளர்கள் 2008 வரை திரும்பத் திரும்பப் போனார்கள். அதனால்தான் அங்கே நிலம் கைமாறிய, கூலி மாறிய நூற்றாண்டுக் கதை நமக்குக் கிடைத்திருக்கிறது.

ஊர்ப் பிள்ளைகளுக்குத்தான் எந்த வீட்டில் யார் என்ன பாடுபடுகிறார்கள் என்று தெரியும். இங்கே உட்கார்ந்திருக்கும் கல்லூரி மாணவர்களே, ஆசிரியர் வரும் நாளில் நீங்களும் திண்ணைக்கு வாருங்கள். அப்பா சொல்லி முடித்ததும் அம்மாவைக் கூப்பிட்டு, அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். இந்த முறை நாமே விவரங்களைப் பதியும் வசதியும் உண்டு. பல வீடுகளில் செல்போன் உங்கள் கையில்தான் இருக்கும். அம்மாவைக் கேட்காமல் அந்தக் கட்டத்தை நிரப்பாதீர்கள்.