மூன்று வயதுக்கு முன்

பிறந்தது முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளையையும் அதை வளர்க்கும் வீட்டையும் அரசு எப்படித் தாங்க வேண்டும் என்று வகுப்பதே குழந்தைநல, குடும்பநலக் கொள்கைத் துறை. மனையியல், ஊட்டச்சத்தியல், சமூகப்பணி, சட்டம், பொருளாதாரம் படித்தவர்கள் இத்துறைக்கு வருகிறார்கள். சிலர் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலராக வட்டாரத்தில் நிற்கிறார்கள். வேறு சிலர் தலைமைச் செயலகத்திலோ ஆய்வு நிறுவனத்திலோ அமர்ந்து திட்டம் எழுதுகிறார்கள். இரு சாராரின் வேலையும் கடைசியில் ஓர் அங்கன்வாடியின் வாசலில் வந்து சேர்கிறது.

பள்ளிக்கு முந்தைய பருவம் பற்றி ஆராய 1970களின் தொடக்கத்தில் மீனா சுவாமிநாதன் தலைமையில் ஒரு குழு அமைந்தது. அக்குழு தன் அறிக்கையை 1972இல் அளித்தது. 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் நாடெங்கும் 33 வட்டாரங்களில் தொடங்கியது. இன்று தமிழ்நாட்டில் மட்டும் அத்திட்டத்தின்கீழ் 54,000க்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் உள்ளன.

தமிழ்நாடு இதில் தனக்கென ஒரு வழியையும் கண்டது. உலக வங்கியின் உதவியோடு 1980இல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், 6 மாதம் முதல் 36 மாதம் வரையுள்ள பிள்ளைகளை மாதந்தோறும் எடை போட்டது. எடை ஏறாத பிள்ளைக்கே சத்துருண்டை கொடுக்கப்பட்டது, தேறியதும் நிறுத்தப்பட்டது. எளிய முறைதான்; ஆனால் அதன் உயிர் எடை போடுவதில் இருந்தது. உத்தரத்தில் தொங்கும் தராசு, அதில் காலை உதறி அழும் பிள்ளை, முள் நிற்கும்வரை காத்திருக்கும் பணியாளர், அட்டையில் அவர் வைக்கும் ஒரு புள்ளி. சென்ற மாதப் புள்ளியும் இந்த மாதப் புள்ளியும் ஒரே மட்டத்தில் நின்றால், பிள்ளை இளைத்திருப்பது தாயின் கண்ணுக்குத் தெரியும் முன்பே அட்டையில் தெரிந்துவிடும். அப்போது பணியாளர் கேட்கும் கேள்வி முக்கியமானது: வயிற்றுப்போக்கா, பால் குறைந்ததா, அம்மா மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாரா?

மூன்றாவது கேள்விக்கு ‘ஆம்’ என்ற பதில் வந்தால், அதற்குமேல் அங்கன்வாடியால் செய்யக்கூடியது குறைவு. இத்துறையின் மிகப் பெரிய ஓட்டை இங்கேதான் இருக்கிறது. மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குச் சத்துமாவு வீட்டுக்குப் போகிறது, தடுப்பூசியும் போடப்படுகிறது. பகல் முழுவதும் வைத்துப் பார்த்துக்கொள்ளும் கைதான் இல்லை. அங்கன்வாடி பிற்பகலில் மூடிவிடும். நாற்று நடப் போனவர் அந்திக்குத்தான் திரும்புவார். இடைப்பட்ட நேரத்தில் பிள்ளை பாட்டியிடமோ, பள்ளியை விட்டு நின்ற அக்காவிடமோ இருக்கிறது. மகப்பேறு விடுப்பை 26 வாரமாக்கிய 2017ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம், 50 பேருக்குக் குறையாத நிறுவனங்கள் குழந்தைக் காப்பகம் வைக்க வேண்டும் என்றது. களத்துமேட்டுக்கும் செங்கல் சூளைக்கும் அந்தச் சட்டம் பெரும்பாலும் எட்டவில்லை. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்தில், ஐந்து சிறு பிள்ளைகள் வேலையிடத்துக்கு வந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணைக் கூலி கொடுத்து அமர்த்த வேண்டும் என்ற விதி இருந்தது. வேப்பமரக் கிளையில் கட்டிய சேலைத் தொட்டில்களைப் பார்த்தவர்களுக்கு அந்த விதியின் அருமை புரியும்.

ஒரு விதியும் ஒரு தொகையும் எத்தனை வீடுகளைத் தொடும் என்பதற்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி சான்று. 1987இல் 300 ரூபாயாகத் தொடங்கிய அது 2006இல் 6,000, 2011இல் 12,000, 2018இல் 18,000 ரூபாய் என்று உயர்ந்தது. ஒவ்வொரு உயர்வுக்குப் பின்னும் கணக்குப் போட்டு வாதாடிய அலுவலர்கள் இருந்திருப்பார்கள். அவர்கள் பெயரை யாரும் அறியார். நீதிமன்றமும் ஒரு வழிதான்: ஆறு வயதுக்குட்பட்ட 40 பிள்ளைகள் உள்ள குடியிருப்பு கேட்டால் மூன்று மாதத்துக்குள் அங்கன்வாடி தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பரில் ஆணையிட்டது.

இவை அனைத்தையும் சுமப்பவர் அங்கன்வாடிப் பணியாளர். அவர் வாங்குவதற்கு மதிப்பூதியம் என்று பெயர். செய்வதோ முழுநேர வேலை. அவருக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2022இல்தான். புதிய திட்டம் எழுதுகிறவர் அவர் கையில் இன்னொரு பதிவேட்டைத் திணிக்கும் முன், ஏற்கெனவே எத்தனை உள்ளன என்று எண்ணிப் பார்ப்பது கடமை. பதிவேடு எழுதும் நேரம் பிள்ளையிடமிருந்து எடுக்கப்படும் நேரம்.

பட்டம் பெற்று இத்துறைக்குள் நுழைவோர், முதல் மாதத்தில் எடை போடும் நாளன்று ஓர் அங்கன்வாடியில் காலை முதல் உட்கார்ந்திருக்க வேண்டும். கதவு பூட்டப்பட்ட பிறகு அந்தப் பிள்ளைகள் யார் கையைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்பதையும் பார்த்துவிட்டே திரும்ப வேண்டும்.