சசி கபூர்: ஒரு மேடையின் காவலர்



இலக்கியத்துக்கென ஒதுக்கப்பட்ட இந்த நேரத்திலே இந்தித் திரைப்பட நடிகர் ஒருவரைப் பற்றிப் பேசுவதா என்று உங்களிற் சிலர் நினைக்கக்கூடும். அவ்வாறு நினைப்பதில் தவறில்லை. நான் பேச எடுத்துக்கொண்ட சசி கபூர், மரங்களைச் சுற்றிப் பாடி ஆடிய நாயகர்களில் ஒருவராகத்தான் நம்மிற் பலருக்கு அறிமுகமானவர். ஆயினும் சூத்திரகரின் மிருச்சகடிகத்தையும், மகாபாரதத்துக் கர்ணனையும், ரஸ்கின் பொண்டின் குறுநாவலையும் தமது கைப்பணத்தைச் செலவிட்டுத் திரைக்குக் கொண்டுவந்த ஒருவரை இலக்கியத்துக்கு வெளியே நிறுத்திவிட முடியாது என்பது எனது எண்ணம்.

அவர் 1938ஆம் ஆண்டு மார்ச் 18ஆந் திகதி கல்கத்தாவிலே பிறந்தார். தந்தையார் பிருத்விராஜ் கபூர். இந்தியாவின் முதற் பேசும் படமான ‘ஆலம் ஆரா’வில் 1931இல் நடித்தவர், 1960இல் வெளிவந்த ‘முகலே ஆஸம்’ படத்திலே அக்பராக வீற்றிருந்தவர். மூத்த தமையனார் ராஜ் கபூர். இளைய தமையனார் ஷம்மி கபூர். இந்த விபரங்களைச் சினிமா இதழ் படிப்பவர்கள் எல்லாரும் அறிவர். அவ்வளவாகப் பேசப்படாத விடயம் ஒன்றுண்டு. பிருத்விராஜ் சினிமாவிலே சம்பாதித்ததைக் கொண்டு 1944இல் ‘பிருத்வி தியேட்டர்ஸ்’ என்ற நாடகக் குழுவை அமைத்தார். 16 ஆண்டுகள் ஊர் ஊராக, புகையிரதத்திலே ஏறி இறங்கி, 2,600க்கு மேற்பட்ட தடவைகள் நாடகம் போட்டார். ஒவ்வொரு நாடகமும் முடிந்ததும் வாசலிலே போய் நின்று, துணியை ஏந்திப் பிடித்து, வெளியேறும் மக்களிடம் நன்கொடை கேட்பார். திரையிலே சக்கரவர்த்தியாகத் தோன்றும் மனிதர், வாசலிலே கையேந்தி நிற்பார். நடிப்பைப் பற்றிய முதற் பாடத்தைச் சசி கபூர் கற்றது இந்தக் குழுவிலேதான்.

1948இல் ராஜ் கபூரின் ‘ஆக்’, 1951இல் ‘ஆவாரா’ ஆகிய படங்களிலே சிறுவனாக நடித்தார். எனினும், அவருடைய வாழ்வைத் திருப்பியது படம் அன்று. இன்னொரு நாடகக் குடும்பம். 1956இல், கல்கத்தாவிலே தந்தையாரின் குழுவோடு இருந்தபோது, ஜெனிபர் கெண்டலைச் சந்தித்தார். ஜெனிபரின் பெற்றோரான ஜெப்ரி கெண்டலும் லோரா லிடெலும் ‘ஷேக்ஸ்பியரானா’ என்ற குழுவை நடத்தி, இந்தியாவின் பாடசாலைகளிலும் சமஸ்தானங்களிலும் ஷேக்ஸ்பியர் நாடகங்களை மேடையேற்றி வந்த ஆங்கிலேயர்கள். அக்குழுவிலே சசியும் சேர்ந்து நடித்தார். 1958இல் திருமணம் நடந்தது. இரண்டு நாடகக் குடும்பங்கள் சம்பந்தம் செய்துகொண்டன என்றே சொல்லலாம். இரண்டுமே அலைந்து திரிந்தவை; இரண்டுமே வருமானத்துக்கு மிஞ்சிய ஆசை வைத்தவை.

1965இல் ஜேம்ஸ் ஐவரி நெறியாள்கை செய்த ‘ஷேக்ஸ்பியர் வாலா’ என்ற படம் இந்தக் கெண்டல் குடும்பத்தின் அனுபவங்களை வைத்து எழுந்ததாகும். திரைக்கதையில் ஐவரியோடு பங்குகொண்டவர் நாவலாசிரியை ருத் பிராவர் ஜாப்வாலா. இசை சத்யஜித் ராயினுடையது. சுதந்திரத்துக்குப் பிந்திய இந்தியாவிலே ஆங்கில நாடகக் குழுவொன்றுக்கு வரவேற்புக் குறைகிறது. சினிமா நட்சத்திரங்களுக்குப் பின்னால் மக்கள் போகிறார்கள். கெண்டல் தம்பதியரே அந்த வயோதிப நடிகர்களாகத் தோன்றுகிறார்கள். நாடகக்காரியான ஆங்கிலப் பெண்ணுக்கும் சினிமா நடிகைக்கும் இடையே அல்லாடும் சஞ்சு என்ற வாலிபனாகச் சசி கபூர் நடித்தார். அவருடைய சொந்த வாழ்வின் இரு பக்கங்களும் அந்த இரு பெண்களாக எதிரே நின்றன என்று எனக்குத் தோன்றுவதுண்டு. படத்திலே சஞ்சு நாடகக்காரியைக் கைவிடுகிறான்.

வாழ்க்கையிலும் முதலில் அப்படித்தான் நடந்ததுபோலத் தெரிந்தது. 1961இல் ‘தர்மபுத்ரா’ படத்திலே கதாநாயகரானார். ஆசார்ய சதுர்சேன் எழுதிய நாவலின் திரைவடிவம் அது. இந்து வெறி கொண்ட இளைஞன், தான் முஸ்லிம் பெற்றோருக்குப் பிறந்தவன் என்று அறிந்து கொள்ளும் கதை. கனமான படம்; வசூல் இல்லை. 1965இல் ‘ஜப் ஜப் பூல் கிலே’யில் காஷ்மீரத்துப் படகோட்டியாக வந்தார், பெருவெற்றி. அந்நாளைய இந்திப் பாடல்கள் இந்தியா முழுவதும் பரவியதற்கு நமது இலங்கை வானொலியின் இந்தி ஒலிபரப்பும் ஒரு காரணம் என்பதை இடையிலே பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். அதன் பின்னர் எழுபதுகளிலே அவர் ஒப்புக்கொண்ட படங்களுக்குக் கணக்கில்லை. ஒரே நாளிலே பல படப்பிடிப்புகள். காரிலேயே சாப்பாடு, காரிலேயே தூக்கம். ‘சத்யம் சிவம் சுந்தரம்’ படத்துக்குத் தம்பியின் நாட்களைப் பிடிக்க முடியாத ராஜ் கபூர், கைகாட்டுகிறவர் எவரையும் ஏற்றிக்கொண்டு போகும் ‘டாக்சி’ என்று அவரைக் கேலி செய்தார். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

அந்தப் படங்களிற் பெரும்பாலானவை இன்று நினைவிற்கொள்ளத் தக்கவையல்ல. ஒரே சிரிப்பு, ஒரே தலைச்சாய்ப்பு. 1975இல் வந்த ‘தீவார்’ மாத்திரம் விலக்கு. தவறான வழியிலே செல்வம் சேர்த்த அண்ணன், தன்னிடமுள்ளவற்றையெல்லாம் அடுக்கிக் காட்டி, உன்னிடம் என்ன இருக்கிறது என்று கேட்க, தாய் தன்னிடம் இருப்பதாகப் பொலிஸ் உத்தியோகத்தரான தம்பி நாலே சொற்களில் விடை சொல்லும் காட்சி அப்படத்தில் உண்டு. அமிதாப் பச்சனின் ஆவேசத்துக்கு எதிரே குரலை உயர்த்தாமல் அதைச் சொன்னதுதான் சசி கபூரின் கெட்டித்தனம். குரலை எங்கே அடக்குவது என்பது மேடையிலே பழகியவனுக்குத் தெரியும். தற்செயலான ஒற்றுமை ஒன்று: பிருத்விராஜின் குழு 1945இல் மேடையேற்றிய நாடகத்தின் பெயரும் ‘தீவார்’ தான். சுவர் என்பது பொருள். அங்கும் சகோதரர்களுக்கு நடுவே சுவர். நாட்டுப் பிரிவினை நெருங்கிக்கொண்டிருந்த காலம் அது.

டாக்சி ஓடிச் சேர்த்த பணம் எங்கே போயிற்று? 1978இல் பம்பாய் ஜூகுக் கடற்கரைக்கு அண்மையிலே, தந்தையார் நாடக அரங்கு கட்ட விரும்பிய அதே இடத்திலே, ‘பிருத்வி தியேட்டர்’ எழுந்தது. தந்தையார் 1972இலேயே மறைந்துவிட்டார். சுமார் 200 பேர் மாத்திரம் அமரக்கூடிய சிறிய அரங்கு. மூன்று பக்கமும் பார்வையாளர். நடிகனின் மூச்சுக் கேட்கும் தூரம். அரங்கை அமைத்து நடத்தும் பொறுப்பை ஜெனிபர் ஏற்றுக்கொண்டார்.

அதே ஆண்டளவிலே படத் தயாரிப்பிலும் இறங்கினார். முதலாவது, ஷியாம் பெனகல் நெறியாள்கை செய்த ‘ஜூனூன்’. ரஸ்கின் பொண்டின் ‘எ பிளைட் ஒவ் பிஜன்ஸ்’ என்ற கதை. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியிலே ஆங்கிலப் பெண்ணொருத்திமீது மோகங் கொள்ளும் பட்டாணியர் ஒருவரின் வரலாறு. அடுத்தது 1981இல் ‘கல்யுக்’. பாரதப் பகை இங்கே இரண்டு வர்த்தகக் குடும்பங்களின் போட்டியாகிறது. கர்ணனாக வருபவர் சசி கபூர். தன் தாய் யாரென அறிந்த பின் அந்தக் கர்ணன் வசனம் பேசுவதில்லை. கட்டிலிலே, கருவிலிருக்கும் சிசுவைப்போல உடலைச் சுருட்டிக்கொண்டு கிடக்கிறான். கர்ணனின் துயரத்துக்குப் பக்கம் பக்கமாக வசனம் எழுதிப் பழகிய நமக்கு இது ஒரு புதிய பாடம்.

அதே 1981இல் ‘36 சௌரங்கி லேன்’. அபர்ணா சென்னின் முதற் படம். கல்கத்தாவிலே ஷேக்ஸ்பியர் கற்பிக்கும் ஆங்கிலோ இந்திய ஆசிரியையாக ஜெனிபர் நடித்தார். இலக்கியத்தைத் தவிர வேறு துணையில்லாத அந்த முதியவள், இறுதியிலே தெருநாய் ஒன்றுக்கு லியர் மன்னனின் வரிகளைச் சொல்லிக்கொண்டு நடப்பாள். இலக்கியம் கற்பிக்கும் எவரும் அந்தக் காட்சியைச் சும்மா பார்த்துவிட்டு எழுந்து போக முடியாது.

1984இல் ‘உத்சவ்’. சூத்திரகரின் மிருச்சகடிகம், பண்டிதமணி கதிரேசச் செட்டியார் ‘மண்ணியல் சிறுதேர்’ என்று தமிழிலே தந்த அதே நாடகம். நெறியாள்கை கிரிஷ் கர்னாட். அரசனின் மைத்துனனான சகாரன் பாத்திரத்துக்கு அமிதாப் பச்சன் வருவதாக இருந்தது. அவர் விபத்துக்குள்ளானமையால் தயாரிப்பாளரே அந்த வேடத்தைப் பூண்டார். மூலநாடகத்திலே சகாரன், இராமாயணத்தையும் பாரதத்தையும் ஒன்றோடொன்று குழப்பி உவமை சொல்லும் மூடன், கொடியவனுங்கூட. இளமையிலே அழகுக்காகவே பேசப்பட்ட நடிகர், பருத்த உடலோடு அந்தக் கோமாளிக் கொடியவனாக வந்தார். படத்தின் அலங்காரம் நாடகத்தின் ஏழ்மையைக் கொஞ்சம் மூடிவிட்டது என்பது எனது குறை. எப்படியிருப்பினும் படத்திலே பெருநட்டம். அதே ஆண்டு செப்டெம்பரில் ஜெனிபர் புற்றுநோயினால் மறைந்தார். சசி கபூர் அதிலிருந்து முழுமையாக மீளவில்லை. உடலைப் பேணுவதை விட்டுவிட்டார்.

இங்கேதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்த படத்துக்கு வருகிறேன். அனிதா தேசாய் 1984இல் எழுதிய ‘இன் கஸ்ரடி’ என்ற நாவலை இஸ்மாயில் மேர்ச்சன்ற் 1993இல் உருதுவிலே ‘முஹாபிஸ்’ என்று படமாக்கினார். முஹாபிஸ் என்றால் காவலர், பாதுகாப்பவர். சிற்றூர்க் கல்லூரியொன்றிலே இந்தி கற்பித்துப் பிழைக்கும் தேவன் என்ற விரிவுரையாளன், மனத்தாலே உருதுக் கவிதையின் அடிமை. ஒரு சஞ்சிகைக்காக, நூர் என்ற பெருங்கவிஞரைப் பேட்டி காணப் போகிறான். கண்டது என்ன? பிரியாணியும் மதுவுமாகப் பொழுது போக்கும் ஒட்டுண்ணிக் கூட்டம். சண்டையிடும் இரு மனைவியர். நடுவிலே மலைபோலச் சரிந்து கிடக்கும் கவிஞர். ஒலிப்பதிவுக் கருவி வாங்குகிறான். கவிதை வரவேண்டிய நேரத்திலே கவிஞர் சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறார். பேச்சு வரும் நேரத்திலே கருவி வேலை செய்யவில்லை. இறுதியிலே மிஞ்சுவது சிதைந்த நாடாக்கள்.

தேவனாக ஓம் பூரி, நூராகச் சசி கபூர். ஒரு காலத்திலே எல்லாரும் நேசித்த அழகு போய், வயிறு பருத்து, முழங்கால் தளர்ந்த அந்த உடலை அவர் மறைக்க முயலவில்லை. அதையே பாத்திரத்துக்குக் கொடுத்தார். திண்டிலே சாய்ந்திருக்கும் அந்தப் பாரமான உருவம் கவிதையைத் தொடங்கும்போது மாத்திரம் குரல் இளமையாகிறது. படத்திலே நூர் சொல்லும் கவிதைகள் பைஸ் அகமது பைஸினுடையவை. அவற்றை அவர் பாடவில்லை, முழங்கவுமில்லை. வாயிலே வைத்துச் சுவைத்து, விட மனமில்லாமல் விடுகிறார். 1986இல் ‘நியூ டெல்லி டைம்ஸ்’ படத்திலே பத்திரிகை ஆசிரியராக நடித்துச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது பெற்றவர்தான். ஆயினும் அவருடைய உச்சம் நூர் என்பதே எனது முடிவு.

கல்லூரியிலே தமிழ் கற்பிப்பவன் என்ற வகையிலே தேவனின் பக்கம் நின்றே நானும் அந்தப் படத்தைப் பார்க்கிறேன். ஒரு மொழியின் கவிதையைக் காப்பாற்றப் போனவன், கவிஞருடைய கடன்களுக்கும் மருந்துச் செலவுக்கும் மனைவியரின் வழக்குக்கும் பொறுப்பாளியாகிவிடுகிறான். யார் யாருடைய காவலில் இருக்கிறார் என்ற கேள்வியை நாவலின் பெயரே கேட்கிறது. எங்கள் மூத்த கவிஞர்கள், கூத்துப் பாடும் அண்ணாவிமார் எத்தனை பேருடைய குரல் பதியப்படாமலே போயிற்று! பதிந்தவற்றுள்ளும் பூஞ்சணம் பிடித்துப்போன நாடாக்கள் எத்தனை! வானொலியிலே பேசிக்கொண்டு இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சசி கபூரோ திரையிலே காக்கப்பட வேண்டியவராக நடித்தார். வாழ்விலே காவலராக இருந்தார். 1998இன் பின் அவர் படங்களிலே தோன்றவில்லை. தந்தையாருக்கும் ராஜ் கபூருக்கும் கிடைத்த தாதாசாகேப் பால்கே விருது, 2014ஆம் ஆண்டுக்குரியதாக அவருக்கும் அறிவிக்கப்பட்டது. விழாவுக்கு டில்லிக்குப் போக உடல்நலம் இடந்தரவில்லை. ஆகவே 2015 மே மாதத்திலே மத்திய அமைச்சர் அருண் ஜேட்லி மும்பைக்கு வந்து, ஜூகுவிலுள்ள அந்தப் பிருத்வி அரங்கிலே, சக்கர நாற்காலியில் அமர்ந்திருந்த அவரிடம் விருதைக் கையளித்தார்.