ஓட மறுக்கும் மோட்டார் வண்டி

நேற்று மாலை வரை யாதொரு குறையுமின்றி ஓடிய மோட்டார் வண்டி இன்று காலை எழும்ப மறுக்கிறது. சாவியைத் திருப்பினால் இயந்திரம் சுழல்கிறது, ஆனால் பற்றிக்கொள்ளவில்லை. யாழ்ப்பாண நகரத்திலே இது ஒரு மணி நேரத் தொல்லை. தெரு முனையிலே கராஜ் ஒன்று இருக்கும். உதிரிப்பாகக் கடையும் தொலைவில் இராது. பண்ணைத் தாம்போதியைக் கடந்து, மண்டைதீவு, வேலணை வழியாக ஊர்காவற்றுறைக்கு வந்துவிட்டால் அதுவே அரைநாள் தொல்லையாகிறது. நெடுந்தீவிலோ நயினாதீவிலோ நிகழுமாயின் நிலைமை முற்றிலும் வேறு. இவ்விரு தீவுகளுக்கும் பாலமில்லை. குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நயினாதீவு கிட்டிய தூரம். நெடுந்தீவுக்கோ படகிலே ஏறத்தாழ ஒரு மணி நேரம் செல்லவேண்டும். கடல் கொந்தளிக்கும் நாட்களிற் படகும் ஓடாது. ஆகவே, இதுவாக இருக்கலாம், அதுவாக இருக்கலாம் என்று ஊகித்து, ஒவ்வோர் உறுப்பாக வாங்கி மாட்டிப் பார்க்கும் வைத்தியம் தீவுக்காரருக்குக் கட்டுப்படியாகாது. இரவிலே நோயாளி ஒருவரைக் கொண்டு செல்லவேண்டிய வண்டி அதுவாக இருப்பின், நட்டம் பணத்தோடு நிற்பதுமில்லை.

செய்தவன் செய்தபடியே இருக்கும் வண்டிக்கு அவன் தந்த கைந்நூல் உண்டு. எந்தக் கம்பி எங்கே செல்கிறது, எந்த உறுப்பு எவ்வளவு எண்ணெயை விடுகிறது என்பனவெல்லாம் அதிலே எழுதப்பட்டிருக்கும். கூடிய வேகத்துக்காகவோ, வேறு எண்ணெயில் ஓடுவதற்காகவோ மாற்றியமைக்கப்பட்ட வண்டிக்கு அந்நூல் பாதி பொய்யாகிவிடுகிறது. மாற்றியவரின் ஞாபகமே மீதி நூல். அவர் கனடாவுக்கோ கொழும்புக்கோ சென்றுவிட்டால் அந்நூலும் அவரோடு போய்விடுகிறது!

மாற்றியமைத்த வண்டிகளைப் பற்றி யாழ்ப்பாணத்தாருக்குப் பிறர் பாடம் சொல்லவேண்டியதில்லை. 1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் யுத்தம் மீண்டும் மூண்டபின், குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. தீவுப்பகுதி மக்களிற் பெருந்தொகையினர் அக்காலத்திலே ஊரைவிட்டுக் குடாநாட்டின் பிற பகுதிகளுக்கு இடம்பெயர்ந்திருந்தனர். பெற்றோல் சிறு போத்தல்களிலே பன்மடங்கு விலைக்கு விற்கப்பட்டது. அந்நாட்களிலே மோட்டார் சைக்கிள்களும், ஒஸ்ரின், மொறிஸ் முதலிய பழைய கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் காபரேற்றரின் வாயிலே விட்டு இயந்திரத்தை எழுப்பி, அது சூடேறும்போது மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். இதனைப் புத்திக்கூர்மை என்று புகழ்ந்து அமைதல் எளிது. உண்மையிலே அது வேறு வழியின்மை. புத்திக்கூர்மை அதற்குத் துணை நின்றது என்பதே சரி.

அவ்வண்டிகள் ஏன் அவ்வாறு ஓடக்கூடியனவாக இருந்தன? ஒஸ்ரின் ஏ 40 காரை எடுத்துக்கொள்க. 1947ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் அறிமுகமான அக்காரின் இயந்திரம் 1200 கன சென்ரிமீற்றர் கொள்ளளவு உடையது. உருளையினுள்ளே புகும் வாயுவை ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகவே அது அமுக்கும். பிற்காலத்துக் கார்கள் ஒன்பதில், பத்தில் ஒரு பங்காக அமுக்குவன. மண்ணெண்ணெயை மிகுதியாக அமுக்கினால், மின்பொறிக்குக் காத்திராமல் அது தானே வெடித்து இயந்திரத்தைத் தட்டும். பழைய காரின் பலவீனமே அன்று அதன் பலமாயிற்று.

இவ்வித்தை உலகுக்குப் புதிதுமன்று. 1917ஆம் ஆண்டு முதல் போர்ட் கம்பனியார் செய்த போட்சன் உழவு இயந்திரம் பெற்றோலில் எழுந்து மண்ணெண்ணெயில் உழுதது. பின்னர் வந்த பேர்கசன் உழவு இயந்திரத்திலும் இத்தகைய வகை ஒன்று இருந்தது. தீவுப்பகுதி மீனவர் அறிந்த மண்ணெண்ணெய் வெளியிணைப்பு இயந்திரமும் இம்முறையிலேயே எழும்புவது.

எழும்பாமைக்கான காரணமும் இங்கேயே இருக்கிறது. நீர் உறையும் நிலைக்கு ஏறத்தாழ நாற்பது பாகை கீழே இருக்கும்போதும் பற்றக்கூடிய ஆவியைப் பெற்றோல் விடும். மண்ணெண்ணெய் அவ்வாறு ஆவி விட ஏறத்தாழ நாற்பது பாகை வெப்பம் வேண்டும். யாழ்ப்பாணத்துக் காலைவேளை எவ்வளவு வெக்கையாயினும், குளிர்ந்த இயந்திரத்துக்கு அவ்வெப்பம் போதாது. ஆகையினாலே மண்ணெண்ணெயில் ஓடிய வண்டியை மண்ணெண்ணெயிலேயே நிறுத்தினால், காபரேற்றரின் கிண்ணத்திலே எஞ்சியிருப்பது மண்ணெண்ணெயே. மறுநாட்காலை எத்தனை முறை சுழற்றினாலும் அது பிளக்குகளை நனைக்குமேயன்றிப் பற்றாது. நிறுத்துவதற்குச் சில நிமிடங்களுக்கு முன் பெற்றோலுக்கு மாற்றவேண்டும், அல்லது கிண்ணத்தை வடித்துவிட வேண்டும். இரவிலே நிறுத்திய விதமே காலையில் எழும்புமா என்பதைத் தீர்மானித்தது. மாற்றுவதற்குப் பெற்றோல் இல்லாதவர் காலைதோறும் துளிகளை எண்ணி விட்டனர்.

அதிலும் மறைவான வியாதி ஒன்று உண்டு. எரியாத மண்ணெண்ணெய் உருளைச் சுவரிலே வழிந்து, அடியிலுள்ள மசகெண்ணெயோடு கலக்கும். எண்ணெய்க் கோலை இழுத்துப் பார்த்தால், குறைந்திருக்கவேண்டிய எண்ணெய் கூடியிருக்கும். அறியாதவர் அதனைக் கண்டு மகிழக்கூடும்! நீர்த்துப்போன எண்ணெய் தேய்வைத் தடுக்காது. நாளடைவில் வளையங்கள் தேய்ந்து அமுக்கம் குறையும். ஒரு நாள் இயந்திரம் எழும்பாது. மற்றவர்க்கு அது திடீரென நிகழ்ந்ததாகத் தோன்றும். எண்ணெய்க் கோலைப் பார்த்து வந்தவனுக்கோ அது பல மாதங்களாக வந்துகொண்டிருந்தது. இதனை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. பிளக்குகளைக் கழற்றி, உருளைக்குள் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு, அமுக்கத்தை மீண்டும் அளக்கவேண்டும். அமுக்கம் ஏறினால் தேய்ந்தவை வளையங்கள். ஏறாவிடின் வால்வுகளைப் பார்க்கவேண்டும்.

இக்காலத்து வண்டிக்கு வருவோம். டர்போ என்னும் சுழலி பூட்டி வலுவேற்றிய கார் ஒன்று ஊர்காவற்றுறையிலோ புங்குடுதீவிலோ எழும்ப மறுத்தால், எல்லோரும் முதலிற் குற்றஞ்சாட்டுவது சுழலியையே. இது பெரும்பாலும் அநியாயம். வெளியேறும் புகையின் விசையாலே சுழன்று, காற்றை அமுக்கி உருளைக்குள் ஊட்டுவது சுழலியின் தொழில். முழு ஓட்டத்தில் அது நிமிடத்துக்கு ஓர் இலட்சம் முறைக்கு மேலும் சுழலும். ஆனால் ஸ்ராட்டர் மோட்டார் இயந்திரத்தைச் சுழற்றும் வேளையில், நிமிடத்துக்கு இருநூறு, முந்நூறு சுற்றே நிகழும். புகையுமில்லை, சுழலிக்கு வேலையுமில்லை. ஆகவே சுழலி பழுதானாலும் வண்டி பெரும்பாலும் எழும்பும். வலுவின்றிப் புகைவிட்டு ஓடும், அவ்வளவே. சந்தேகிக்கவேண்டியது சுழலியையன்று, சுழலிக்காக மாற்றப்பட்ட மற்றவற்றை.

அவற்றுள் முதன்மையானது பிளக். வலுவேற்றிய இயந்திரம் மிகச் சூடேறும் என்பதனால், சூட்டை விரைவாகக் கடத்தும் குளிர்ந்த வகைப் பிளக்குகளை மாட்டுவர். அவை நெடுந்தூரம் விரைந்து ஓடும் வண்டிக்கு உகந்தவை. நயினாதீவின் பரப்போ ஏறத்தாழ நான்கு சதுர கிலோமீற்றர்! இறங்குதுறையிலிருந்து வீடு வரை ஓடி நிற்கும் வண்டியிலே அத்தகைய பிளக் தன்மேற் படியும் கரியை எரித்துக்கொள்ளும் சூட்டை ஒருபோதும் அடைவதில்லை. கரி படிந்து, பொறி கரியின் வழியே கசிந்துபோகும்.

அடுத்தது எண்ணெய் பீய்ச்சும் ஊசிகள். பெரிய ஊசிகளை மாட்டி, கணினியின் கணக்கைச் சரிவர மாற்றாவிடின், எழுப்பும்போதே பெற்றோல் அளவுக்கு மீறிப் பெய்து பிளக்குகளை மூழ்கடிக்கும். கழற்றிய பிளக் ஈரமாகப் பெற்றோல் மணம் வீசினால் இதுவே காரணம். அக்சிலேற்றரை முழுவதும் மிதித்தபடி சுழற்றினால், பல கார்களிலே கணினி எண்ணெயை நிறுத்திக் காற்றை மட்டும் விடும். உருளை உலர்ந்து வண்டி எழும்பக்கூடும். பிளக் காய்ந்திருந்தாலோ எண்ணெய் வரவேயில்லை. சாவியைத் திருப்பியதும் பின்புறத்திலே பம்பி ஓரிரு கணம் முரலும் ஒலி கேட்கிறதா என்று செவிகொடுத்துக் கேட்கவேண்டும். கேட்கவில்லையாயின் பியூசையும் றிலேயையும் பார்த்தபின்பே பம்பியைச் சந்தேகிப்பது முறை.

இவையனைத்துக்கும் முன்னரே பார்க்கவேண்டியது ஒன்று தீவிலே உண்டு: உப்புக்காற்று. பற்றரியிலிருந்து வண்டியின் உடலுக்குச் செல்லும் நிலக்கம்பியின் முனையிலே வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும் களிம்பை எவரும் பொருட்படுத்துவதில்லை. மாற்றியமைக்கும்போது கழற்றப்பட்ட நிலக்கம்பியைச் சாயம் பூசிய தகட்டின்மேல் மீண்டும் பூட்டிவிடுவதும் உண்டு. ஓய்வாக இருக்கும் நல்ல பற்றரி பன்னிரண்டரை வோல்ற்றுக்குச் சற்று மேல் காட்டும். சுழற்றும்போது ஒன்பதரைக்குக் கீழே போகலாகாது. போனால் ஸ்ராட்டர் சுழலும், ஆனால் கணினியும் பொறியும் பட்டினி கிடக்கும். ஒரு துண்டு உப்புத்தாளால் தேய்த்துத் தீரக்கூடிய இக்குறைக்காகக் கணினியையே மாற்றியவர் உண்டென்றால் அது வியப்பன்று.

எழுந்து உடனே அணைந்துவிடும் வண்டி வேறு கதை. காற்றளவியைக் கடந்தபின் உள்ள குழாய் நழுவியிருந்தால் அளந்த காற்றுக்கும் உட்செல்லும் காற்றுக்கும் பொருத்தமின்றி இவ்வாறு நேரும். சுழற்றும்போது சுற்றுமானியின் முள் சிறிதும் அசையாவிட்டால், பல கார்களிலே அது சுழல்தண்டு உணரியைச் சந்தேகிக்க இடந்தரும். வழக்கத்திலும் இலகுவாக, தடையின்றி விர்ரென்று சுழன்றால் நேரப்பட்டி அறுந்திருத்தல் கூடும். அப்போது மேலும் சுழற்றுவது சில இயந்திரங்களிலே வால்வுகளை முறித்துவிடும். சாவி அடையாள விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தால் இயந்திரத்தைத் திறக்கவே வேண்டியதில்லை.

ஓர் எச்சரிக்கை. பிளக்கைக் கழற்றி உலோகத்திலே தொட்டுப் பொறி பார்க்கும் பழைய வழக்கம் பெற்றோல் ஆவி சூழ்ந்த இடத்திலே தீயைக் கூப்பிடுவதாகும். காற்றுவாயிலே பெற்றோலை ஊற்றியபடி சுழற்றுவதும் அத்தகையதே. உள்ளிருந்து திருப்பி வெடிக்கும் சுவாலை முகத்துக்கே வரும். மண்ணெண்ணெய்க் காலத்திலே துளியாக விட்டவர்கள் விலைக்கு அஞ்சி மட்டும் அவ்வாறு செய்யவில்லை.

தீவிலிருப்பவர் செய்யத்தக்கது இதுவே. கடைசியாக மாற்றப்பட்டது எது, என்று மாற்றப்பட்டது, ஸ்ராட்டர் எவ்வாறு சுழல்கிறது, பம்பி ஒலிக்கிறதா, பிளக் ஈரமா காய்ந்ததா, அதன் நிறம் யாது, சுழற்றும்போது பற்றரி எத்தனை வோல்ற் காட்டுகிறது என்று ஒரு தாளிலே குறித்துக்கொள்ளவேண்டும். அக்குறிப்பைத் தொலைபேசியிலே யாழ்ப்பாணத்துக் கராஜுக்கு வாசித்துக் காட்டிவிட்டால், மறுநாட் படகிலே பெட்டி நிறைய ஊகங்களுக்குப் பதிலாக, வேண்டிய ஓர் உறுப்பு வந்து சேரும்.