திசுத் துண்டு தரும் செய்தி

(மருத்துவமனை ஆதரவாளர் கூடுகையில் மருத்துவக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



உங்கள் ஜெபங்களும் காணிக்கைகளும் தாங்குகிற இந்த ஊழியத்தில், உங்கள் கண்ணுக்குப் படாத ஒரு மூலையைக் குறித்து இன்று பேச விரும்புகிறோம். வார்டுகளை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். கட்டில்களும் மின்விசிறிகளும் வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள். ஆனால் எங்கள் பத்தாலஜி ஆய்வகத்துக்குள் உங்களில் அநேகர் வந்ததில்லை.

பெருங்குடலிலோ மலக்குடலிலோ புற்றுநோய் கண்டு அறுவை சிகிச்சை செய்யும்போது, எடுக்கப்பட்ட கட்டி அந்த ஆய்வகத்துக்குத்தான் வருகிறது. அதை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, தலைமயிரைவிட மிக மெல்லிய சீவல்களாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்க்கிறோம். கட்டி குடல் சுவரில் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருக்கிறதா என்பவற்றைக் கொண்டு நோயின் நிலையைக் கணிக்கிறோம். லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் கத்பர்ட் டியூக்ஸ் 1932-ல் வகுத்த முறையே இதற்கு அடித்தளம். இன்றும் நோயாளியின் எதிர்காலத்தைக் கணிப்பதில் இதற்கே முதலிடம்.

ஆனால் ஒரே நிலையிலுள்ள இருவரில் ஒருவர் நலமாயிருக்க, மற்றவருக்கு நோய் திரும்பி வருகிறது. இது ஏன் என்று அறிய, கட்டியிலுள்ள புரதங்களைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருகிறார்கள். பி53 போன்ற பல புரதங்கள் ஆராயப்பட்டும், சிகிச்சையைத் தீர்மானிக்கும் அன்றாடப் பரிசோதனையாக அவை நிலைபெறவில்லை. நிலைபெற்றவை சிலவே. அவற்றில் முக்கியமானவை எம்.எல்.எச்.1, பி.எம்.எஸ்.2, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6 என்னும் நான்கு புரதங்கள்.

இவற்றின் வேலை என்ன? நம் உடலின் செல் ஒன்று இரண்டாகும்போது மரபுச் செய்தி முழுவதும் நகலெடுக்கப்படுகிறது. நகலில் எழுத்துப்பிழை விழுந்தால் அதைத் தேடித் திருத்துபவை இந்த நான்கும். சபைப் பத்திரிகைக்குப் பிழை திருத்துகிறவர் இருப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் வராத நாளில் பிழைகள் பெருகும். பெருங்குடல் புற்றுநோய்களில் ஏறக்குறைய நூற்றுக்கு 15-ல் இந்தத் திருத்தும் வேலை நின்றுபோயிருக்கிறது.

அதைக் காண, மெழுகில் இருக்கும் அதே திசுவிலிருந்து நான்கு சீவல்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளை இடுகிறோம். புரதம் இருந்தால் செல்லின் உட்கரு பழுப்பு நிறமாகும். இல்லையானால் நீலமாகவே நிற்கும். பக்கத்திலுள்ள நல்ல செல்கள் பழுப்பாகியிருக்க வேண்டும். அவையும் நீலமாயிருந்தால் எங்கள் சோதனையே சரியில்லை என்று மறுபடியும் செய்வோம்.

பிழை பெருகிய கட்டி அதிகக் கேடானது என்றுதானே நினைப்போம்? ஆரம்ப நிலைகளில் உண்மை நேர்மாறாயிருக்கிறது. பிழைகள் மிகுந்த செல்களை உடலின் காவல் செல்கள் அந்நியர் என்று எளிதில் அடையாளம் காண்கின்றன. ஆகவே இரண்டாம் நிலையில் இப்படிப்பட்ட கட்டியுள்ளவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு குறைவு. வழக்கமாகக் கொடுக்கும் 5-எஃப்யூ வகை மருந்தைத் தனியாகக் கொடுப்பதால் அவர்களுக்குப் பயனும் இல்லை. மாதக்கணக்கில் வாந்தியும் வாய்ப்புண்ணும் கூலி இழப்பும் அவர்களுக்குத் தேவையில்லை. கணுக்களுக்குப் பரவிய மூன்றாம் நிலையில் மருந்து சிகிச்சை இன்னும் அவசியமே.

40 வயது நிரம்பாத ஒரு தகப்பனார் எங்களிடம் வந்தார். அவருடைய அப்பா குடல் புற்றுநோயிலும், அக்கா கர்ப்பப்பைப் புற்றுநோயிலும் இறந்திருந்தார்கள். அறுவை சிகிச்சைக்கே வீட்டு நகைகள் அடகுக்குப் போயிருந்தன. இன்னும் ஒரு பரிசோதனை வேண்டும் என்றபோது அவர் மனைவி கேட்டார்: "அது மருந்துங்களா டாக்டர்? மருந்து இல்லேன்னா எதுக்குங்க?"

நியாயமான கேள்வி. ஏழைக் குடும்பம் முதலில் விட்டுவிடுவது இப்படிப்பட்ட செலவைத்தான். அன்று ஏழை நோயாளர் நிதியிலிருந்து அந்தப் பரிசோதனையைச் செய்தோம். எம்.எஸ்.எச்.2-ம் எம்.எஸ்.எச்.6-ம் நீலமாய் நின்றன. நோய் இரண்டாம் நிலை. மருந்து ஏற்றாமலே, காயம் ஆறியதும் வீடு திரும்பினார்.

அந்தக் கண்ணாடித் தகடு அவருடைய உடன்பிறந்தாரைக் குறித்தும் பேசியது. இது பரம்பரையாக வருவதாயிருக்கலாம் என்று அது எச்சரித்தது. 1895-ல் அமெரிக்காவின் மிச்சிகனில், தையல் வேலை செய்த ஒரு பெண், தன் குடும்பத்தார் பலர் புற்றுநோயில் இறந்ததையும் தனக்கும் அதுவே முடிவென்றும் ஆல்ட்ரெட் வார்தின் என்னும் மருத்துவரிடம் சொன்னார். அப்படியே இறந்தும் போனார். வார்தின் அந்தக் குடும்பத்தின் வரலாற்றை 1913-ல் வெளியிட்டார். 1966 முதல் ஹென்றி லிஞ்ச் இத்தகைய குடும்பங்களைக் குறித்து எழுதிவந்தார். 1993, 1994-ல் காரணமான மரபணுக்கள் கண்டுபிடிக்கப்பட்டன. இன்று இதை லிஞ்ச் நோய்க்குறி என்கிறோம்.

எல்லா நீலமும் பரம்பரை அல்ல. முதியவர்களில் எம்.எல்.எச்.1 மறைவது பெரும்பாலும் அந்தக் கட்டியில் மட்டும் நேர்ந்த மாற்றம். ஆகவே மறுபரிசோதனை செய்யாமல் எந்தக் குடும்பத்தையும் நாங்கள் பயமுறுத்துவதில்லை. இந்தத் தகப்பனாருக்கு இரத்தப் பரிசோதனையும் அதை உறுதிசெய்தது. அவருடைய தம்பிக்குக் குடல் உள்நோக்கிச் சோதனை செய்தபோது புற்றாக மாறாத ஒரு கழலை இருந்தது. அன்றே அகற்றப்பட்டது. இனி ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை அவர் வரவேண்டும். தங்கை மட்டும் பயத்தினால் இன்னும் வரவில்லை. அவருக்காக ஜெபியுங்கள்.

ஒரு காரியத்தை மறைக்க விரும்பவில்லை. இப்படிப்பட்ட கட்டி முற்றியிருந்தாலும், காவல் செல்களைத் தூண்டிவிடும் புதிய மருந்துகளுக்கு அது நன்றாக இணங்குகிறது. 2022-ல் நியூயார்க்கில் டோஸ்டார்லிமாப் என்னும் மருந்தை மட்டும் பெற்ற 12 மலக்குடல் நோயாளிகளிலும் கட்டி காணாமற்போனது. ஆனால் அவற்றின் விலை நம் நோயாளிகளில் பெரும்பாலோருக்கு எட்டாதது. தேவையற்ற மருந்தைத் தவிர்ப்பதும், உடன்பிறந்தாரை நோய் வருமுன் அழைப்பதும் அப்படியல்ல. அவை நம் கைக்கு எட்டுகிற நன்மைகள்.

எதிர்ப்பொருள்கள் குளிரில் காக்கப்பட வேண்டியவை. காலாவதி தேதியும் உண்டு. பணமுள்ளவர்களுக்கு மட்டும் செய்தால் புட்டி பாதியில் வீணாகும். பெருங்குடல் புற்றுநோயுள்ள ஒவ்வொருவருக்கும் செய்தால் ஒரு பரிசோதனையின் செலவும் குறையும், ஒரு குடும்பமும் தப்பிப்போகாது. இதற்கென்றே ஒரு நிதியைத் தொடங்க உங்கள் உதவியைக் கேட்கிறோம். இதற்குக் கல்வெட்டு வைக்க இடமில்லை. திறப்பு விழாவும் இல்லை.

"நான் எத்தனை நாள் இருப்பேன்?" என்று கேட்கிற ஒருவருக்கு இந்தத் தகடு நாள் குறித்துக் கொடுக்காது. அவருடைய நாட்கள் ஆண்டவரின் கரத்தில் இருக்கின்றன. அந்த நாட்களில் எந்தப் பாரத்தை அவர்மேல் ஏற்ற வேண்டாம், வீட்டில் யாரை உடனே அழைத்துவர வேண்டும் என்பதை அது எங்களுக்குச் சொல்லுகிறது. அதைச் சொல்லவிடாமல் வறுமை தடுக்காதபடி எங்களோடு நில்லுங்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.